தடிமனுக்கு மருந்து தேடிய மச்சான்

என் மச்சானுக்குத் 'தடிமன் டொக்டர்', அதாவது ஜலதோஷ டொக்டர், என்று பேர் வைத்தது எங்கள் சின்னவாப்பாதான். வாப்பாவின் தம்பி. கல்முனைக் கடைத்தெருவில் சாரமும் சீத்தைத் துணியும் விற்கிற கடை அவருடையது. துணிக்கு வருகிறவர்களைவிட அவருடைய வாய்க்கு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். என் மூத்த சகோதரி, ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடித்த கிழமை, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று யாரோ கடையில் கேட்டிருக்கிறார்கள். சின்னவாப்பா துணியைக் கிழித்தபடியே, "சீமையில ஒரு பெரிய கட்டிடத்துக்குள்ள இருந்து தடிமனுக்கு மருந்து தேடுறாராம். நம்மட பின்வளவில இஞ்சி நட்டிரிக்கி எண்டு அவருக்கு ஆரும் சொல்லல்ல போல" என்றாராம். அஸர் தொழுகைக்குள் அந்தப் பேர் சாய்ந்தமருதைத் தாண்டிக் காரைதீவுக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பட்டப்பேர் சின்ன விஷயமில்லை. 'அரைமீசை' என்று ஒருவர் இருந்தார். அவர் மவுத்தானபோது பள்ளிவாசலில் சொந்தப் பேரைச் சொல்லி மரணத்தை அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் தரம் அரைமீசை என்று சொன்ன பிறகுதான் சனம் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் என் மச்சானுக்கு இந்தப் பேர் விழுந்தது.

அவர் மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. கம்பஸ் போய் ரசாயனம் படித்து, அங்கிருந்து உதவிப்பணம் கிடைத்து இங்கிலாந்து போனவர். ஊசி போடுகிற டொக்டர் அல்ல. ஆனால் அதை எங்கள் ஊருக்கு விளங்கப்படுத்த முடியாது. எங்களுக்குள் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராத்தாவைச் சீமைக்கு அனுப்ப வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே மச்சான் லீவு கிடைக்கிறபோது வந்து, எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். வாப்பா வயலும் ஆட்களும் உள்ள போடியார். ஒரு வேளாண்மைக்காரனோ கடைக்காரனோ மருமகனாக வந்திருந்தால் அவருக்குக் கதைக்க ஏதாவது இருந்திருக்கும். இவரிடம் என்ன கதைப்பது? "எப்பிடி மருமகன், தடிமன் சுகமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அதுதான் அவர்களுக்குள் முழுக் கதையும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சீனி சுற்றி வருகிற பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் அடுப்புக்குள் போடுவேன். அந்த வீட்டில் அவரிடம் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரே ஆள் நான்தான். ஒருநாள் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"மச்சான், காய்ச்சலுக்கு எத்தனை ஊசி கண்டுபிடிச்சிட்டாங்க. இந்தத் தடிமனுக்கு மட்டும் என்ன இவ்வளவு கஷ்டம்?"

அவர் அடுப்பைக் காட்டினார். "மத்தக் கிருமி தன்ட அடுப்போட வாற ஆள். அதுட அடுப்ப உடைச்சாச் செத்துரும். நம்மட அடுப்புக்கு ஒண்டும் ஆகா. இந்த வைரஸ் எண்டிற சாமானுக்கு அடுப்பே இல்ல. நம்மட ஊட்டுக்குள்ள பூந்து, நம்மட அடுப்பில, நம்மட சட்டியில சமைச்சுப் பெருகும். அதக் கொல்லப் போனா நம்மட அடுப்பும் நூர்ந்து அணைஞ்சிரும்."

"அப்ப ஒவ்வொண்டுக்கும் ஒரு மருந்து செய்யுங்களன்?"

"தடிமனுக்கு மட்டுமே நூத்துக்கு மேல சாதி இரிக்கி. ஃபுளூ வேற, சின்னப் புள்ளையளுட நெஞ்சில இறங்குறது வேற. ஆருக்கு எது வந்திரிக்கி எண்டு பார்த்து மருந்து குடுக்குறதுக்கிடையில ஆள் சுகமாயிருவார், இல்லாட்டி முடிஞ்சிருவார். அதுதான் எல்லாத்தையும் ஒண்டா மறிக்கிற ஒரு மருந்து தேடுறம்."

"கிடைச்சிதா?"

"ஒரு வெள்ளத் தூள் கிடைச்சிது. கண்ணாடித் தட்டில நாலு குடும்பத்து வைரஸையும் நிப்பாட்டிச்சி. எலிக்குக் குடுத்துப் பார்த்தம். நெஞ்சு நல்லாச் சுத்தமாகிச்சி."

"பொறகென்ன?"

"பொறகு ரத்தம் கெட்டுச் செத்துதுகள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. உம்மா உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவர் சைக்கிளில் சந்திக்குப் போனால் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருக்கிற இளந்தாரிகள் வரிசையாகத் தும்முவார்கள். ஒருவன் தொடங்கினால் மற்றவன் பிடித்துக்கொள்வான். "டொக்டர், எனக்கு நூத்தி ஓராம் சாதி" என்று ஒருவன் கத்துவான். குசினிக் கதை எப்படிச் சந்திக்குப் போனதென்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் சுவர்கள் கதைக்கும். எங்கள் வீட்டுச் சுவர் சின்னவாப்பாவோடு கதைக்கும். மச்சான் இறங்கி நின்று அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். அவர் சிரித்தது அவர்களுக்கு இன்னும் வசதியாய்ப் போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், வாப்பா ஹஜ்ஜுக்குப் போனார். அவர் மக்கத்தில் இருக்கும்போது ராத்தாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. மச்சான் லீவு எடுத்து வந்திருந்தார். பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இரிக்கி" என்று ஏதோ கடையில் சாமான் வாங்கினவர் மாதிரிச் சொன்னார். ராத்தா படுத்த பாயிலிருந்து சிரித்தது இப்போதும் என் காதில் இருக்கிறது.

பிள்ளை பிறந்தால் மார்க்கம் தெரிந்த ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று, அந்த மென்றதைப் பிள்ளையின் மேல்வாயில் தடவிவிடுவார். பிறந்த கையோடு செய்துவிடுவதுதான் வழமை. உம்மா அதை நிறுத்தி வைத்தார். "வாப்பா ஹாஜியா வரட்டும். மக்கத்துப் பழத்த அவர்ட வாயால மெண்டு வைக்கட்டும். இந்தப் பாக்கியம் இந்த ஊர்ல எந்தப் புள்ளைக்குக் கிடைக்கும்?" என்றார். கேட்டவர்களெல்லாம் சரி என்றார்கள். நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

வாப்பா வந்த அன்று வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லை. ஹாஜி தன் வீட்டுப்படி ஏறுமுன் அல்லாஹ்விடம் கேட்கிற துஆ தட்டப்படாது என்று சனம் நம்பும். ஆகவே ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து, தோளில் முகம் வைத்துத் தங்கள் தேவையைச் சொன்னார்கள். வாப்பா ஒவ்வொருவர் காதுக்குள்ளும் இருமினார். கொழும்பிலிருந்து வந்த வான் வண்டியில் இருந்த ஹாஜிமார் எல்லோருக்கும் அதே இருமல்தான். சின்னவாப்பா வாசலில் நின்று, "ஹஜ்ஜுக்குப் போய் இருமாம வந்தவன் பாதி வழியில திரும்பினவன்" என்று சொல்லிச் சனத்தைச் சிரிக்கவைத்தார்.

மக்கத்து ஸம்ஸம் தண்ணீர் ஒரே சின்னக் கோப்பையில் கை மாறிக்கொண்டிருந்தது. உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். வாப்பா பழத்தை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். அப்போதுதான் மச்சான் குறுக்கே வந்தார்.

"மாமா, ஒரு சொல்லுக் கேளுங்க. பழம் வைக்க வேணாம் எண்டு சொல்லல்ல. இந்த இருமல் நிண்டாப் பொறகு வைங்க. பச்சைப் புள்ள. நெஞ்சு தாங்கா."

வாப்பாவின் வாய் அசைவது நின்றது. அத்தனை சனம், அத்தனை மரியாதை, அன்றுதான் ஹாஜியாராகி வந்த மனிதன்.

"எண்ட வாயில என்ன இரிக்கி மருமகன்?"

"உங்கட வாயிலயில்ல மாமா. உங்கட இருமலில..."

"நான் கஃபாவத் தொட்ட வாயோட வந்திரிக்கன். நீங்க எலிக்கு மருந்து குடுத்த கையோட வந்திரிக்கீங்க. இதில ஆருட கைக்குப் புள்ள போகோணும் எண்டு சனத்துக்கிட்டக் கேப்பமா?"

சனத்திடம் கேட்கவே தேவையிருக்கவில்லை. யாரோ பின்னால் தும்மினான். சிரிப்பு வெடித்தது. மச்சான் கதவு நிலைக்குள் நின்ற ராத்தாவைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உம்மா பிள்ளையைக் கொடுத்திருக்கமாட்டார். ராத்தா வாப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வாப்பா மென்றதை விரலில் எடுத்துப் பிள்ளையின் வாய்க்குள் தடவினார். பிள்ளை சப்புக்கொட்டியது. சனம் அதையும் பார்த்துச் சந்தோஷப்பட்டது. அந்த முகத்துக்கு மேல் குனிந்து வாப்பா இருமினார்.

அந்தக் கிழமைக்குள் ஊரில் பாதி இருமியது. பெரியவர்களுக்கு வந்தது போனது. பிள்ளைக்கு முதலில் மூக்கு அடைத்தது; பால் குடிக்க வாய் வைத்தால் மூச்சு விட முடியாமல் விட்டுவிட்டு அழும். பிறகு அழுகையும் குறைந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே போய் வந்தது. மச்சான் பார்த்த உடனே தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார்.

அங்கே ஒட்சிசன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டொக்டர் நல்ல மனிதர், மச்சானை அறிந்தவர். "இந்த ஊசி பின்னால வாற கிருமிக்கு மட்டும்தான். மெயின் ஆளுக்கு எங்களிட்ட ஒண்டும் இல்ல. உங்களிட்டத்தான் கேக்கோணும்" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை. ஒரு படித்தவர் இன்னொரு படித்தவரிடம் வருத்தமாகச் சொன்னது. ஆனால் கட்டில் பக்கத்தில் உம்மா இருந்தார். உம்மாவின் காதில் விழுந்தது, மச்சானிடம் மருந்து இருக்கிறது என்பதுதான்.

அதற்குப் பிறகு அந்த மனிதனை வீட்டில் ஒருவரும் விடவில்லை.

"கொண்டந்திரிக்கீங்கதானே? எங்க வெச்சிரிக்கீங்க?"

"மாமி, அது மருந்தில்ல. அதக் குடுத்தாப் புள்ள அந்த மருந்தால முடிஞ்சிரும். என்னட்ட இப்ப ஒரு துளியும் இல்ல."

"இல்ல எண்டும் சொல்றீங்க, குடுத்தா முடிஞ்சிரும் எண்டும் சொல்றீங்க. ரெண்டில எது?"

"ரெண்டும் உண்மை மாமி. நான் அண்டைக்கே தங்கச்சிக்குச் சொன்ன. அதுக்கு அடுப்பில்ல. நம்மட அடுப்ப நூக்காம அத நூக்குற வழி இன்னம்..."

உம்மா எழும்பிவிட்டார். "அடுப்பில்லாம வந்து அடுத்தவண்ட அடுப்பில சமைச்சுத் திங்கிற கதைய எனக்குச் சொல்லித் தர வேணாம். அத இத்தனை வருஷமா இந்த ஊட்டுக்குள்ள பார்த்துக்கொண்டுதானே இரிக்கன்."

பெண் வீட்டில் இருக்கிற எந்த ஆம்பிளைக்கும் குத்துகிற சொல் அது. மச்சான் ஆசுபத்திரிக்குத் திரும்பிப் போன பிறகு உம்மா அவருடைய சூட்கேசை முற்றத்தில் கவிழ்த்தார். சேட்டு, சவர்க்காரம், பிள்ளைக்கென்று கொண்டுவந்த கம்பளிச் சப்பாத்து. ஒவ்வொரு சேட்டுப் பொக்கெட்டாகக் கை விட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்து, "அடியில பாருங்க, சீமைப் பெட்டிக்கு ரெண்டு அடி இரிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உம்மா கத்தி எடுத்து அடித்துணியைக் கிழித்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. இல்லாதது அவர்களுக்கு இன்னும் பெரிய சாட்சியாகிவிட்டது. அவ்வளவு கவனமாக ஒளித்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள்.

கடைசியில் ராத்தாவும் கேட்டாள். ஆசுபத்திரி விறாந்தையில், நான் பக்கத்தில் இருக்க.

"இஞ்சருங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க. எலிக்குக் குடுத்த மருந்து எண்ட புள்ளைக்கு இல்லையா?"

அவர் சுவரில் சாய்ந்தபடியே தரையில் இருந்துவிட்டார். அவளைப் பார்க்காமல், "இருந்தா வேற ஆர்ட புள்ளைக்குக் குடுப்பன்" என்றார்.

அன்றுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். டொக்டரிடம் கேட்டு ஒரு சின்னப் போத்தலில் அவித்த உப்புத் தண்ணீர் வாங்கினார். பஞ்சு சுற்றிய குச்சியைப் பிள்ளையின் மூக்குக்குள் மெல்ல விட்டுத் துடைத்து, அந்தப் போத்தலுக்குள் போட்டு இறுக்கி மூடினார். வெந்நீர் பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி அதற்குள் வைத்தார். மீன் கொம்பனியில் வாங்கின ஐஸ் அது. கரைந்தால் சைக்கிளில் போய் மறுபடி வாங்கி வந்தார். அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால், முட்டையிலும் கண்ணாடியிலும் வளர்த்து, வந்தது எந்த வைரஸ் என்று சொல்லலாமாம்.

"இப்ப அது என்னத்துக்கு மச்சான்?"

"ஆள் ஆரெண்டு தெரியாம எப்பிடிப் பிடிக்கிற?"

எனக்கு விளங்கியது. ஆனால் பார்த்த கண்ணுக்கு, ஒரு தகப்பன் மூச்சுக்கு இழுக்கிற தன் பிள்ளையின் மூக்குச்சளியைப் போத்தலில் அடைக்கிறார். வார்டிலிருந்து சந்திக்கு அந்தக் கதை அவருடைய சைக்கிளைவிட வேகமாகப் போனது. மீன் கொம்பனியில் ஐஸ் உடைக்கிறவன், "என்ன டொக்டர், சளி ஏற்றுமதியா?" என்று கேட்டிருக்கிறான்.

பிள்ளை அடுத்த நாள் லுஹர் தொழுகைக்கு முன் மவுத்தானது. மூச்சு நிற்பதும் தொடங்குவதுமாக இருந்து, ஒரு தரம் தொடங்கவில்லை. அவ்வளவுதான்.

மையவாடிக்கு எங்களில் பெண்கள் போவதில்லை. அங்கே நடந்ததைச் சின்னவாப்பாதான் வந்து சொன்னார், எனக்கு மட்டும், குசினிப் பக்கமாக. மச்சான் குழிக்குள் இறங்கிப் பிள்ளையைக் கையில் வாங்கியிருக்கிறார். அந்த அமைதிக்குள் யாரோ உண்மையாகவே தும்மிவிட்டான்.

"பாவம், அவனும் வேணுமெண்டு தும்மல்ல. ஆனா எனக்குச் சிரிப்பு வந்திட்டுது புள்ள. அடக்க ஏலாமப் போச்சி. நான் சிரிக்க மத்தவனும் சிரிச்சிட்டான். மாப்பிள்ள மேல பார்த்தார். அப்பிடியே பார்த்துக்கொண்டு நிண்டார், புள்ளையக் கீழ வைக்கவுமில்ல." சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக் கொடுத்தேன்.

வீட்டில் ஒருவரும் வாப்பாவின் இருமலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது நின்றபாடுமில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் பிள்ளைக்காக அழுதுவிட்டு, போகும்போது மறக்காமல் ஹாஜியாரைக் கட்டிப்பிடித்துத் துஆ கேட்டுவிட்டுப் போனார்கள். "மருந்துக்காரண்ட புள்ளைக்கு மருந்தில்லாமப் போச்சே" என்று மச்சானுக்குக் கேட்கும்படி சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை அவர் கிழிந்த சூட்கேசைக் கயிற்றால் கட்டிக்கொண்டு புறப்பட்டார். பிளாஸ்கில் புது ஐஸ் இருந்தது. போய்வருகிறேன் என்று சொல்வார் என்று நினைத்தோம். அவர் சாய்கதிரையில் இருந்த வாப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். கையில் இன்னொரு போத்தலும் பஞ்சுக் குச்சியும்.

"மாமா, ஒருக்கா வாயத் திறங்க. தொண்டையில துடைச்சிட்டு எடுத்திருவன். நோகா."

"என்னத்துக்கு?"

"புள்ளட சளியையும் இதையும் பக்கத்தில வெச்சுப் பார்க்க. ரெண்டும் ஒரே வைரஸ் எண்டா அது ஒண்டு. இல்லையெண்டா உங்கட இருமலுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியவரும். உங்களுக்கும்தான் மாமா."

அவர் குரலில் பழி இல்லை. நான் கேட்டேன், என் காது பொய் சொல்லாது. ஒரு வேலையை முடிக்கிறவருடைய குரல் அது. அதனால்தான் அது அவ்வளவு பயங்கரமாக இருந்தது. வாப்பா எழும்பினார். பேச வாயெடுத்தார், இருமல் வந்து மறித்தது.

ராத்தா அறையிலிருந்து வெளியே வந்தாள். பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள், ஆசுபத்திரிக்குத் தவிர, வாசலுக்கு வரக்கூடாதவள். ஒருவரையும் பார்க்காமல் பிளாஸ்கை எடுத்து, மூடியைத் திருகி, முற்றத்து மணலில் கவிழ்த்தாள். ஐஸ் கட்டிகளோடு அந்தச் சின்னப் போத்தலும் உருண்டது. அதை எடுத்துக் கிணற்றுக் கட்டில் ஓங்கி அடித்தாள்.

"என்ன செஞ்சாய்?" என்றார் மச்சான். அவர் அவளை அப்படி ஒருமையில் கேட்டதை நான் முன்பு கேட்டதில்லை.

"புள்ள போயிட்டுது. அதில ரெண்டும் ஒண்டு எண்டு வந்தா எனக்கு வாப்பாவும் போயிருவார். எனக்கு வேற ஆர் இரிக்கா? நீங்களா? நீங்க லீவுக்கு வாற ஆள்." அவளுடைய கை வெட்டுப்பட்டு ரத்தம் வழிந்தது. அதே கையால் வாசலைக் காட்டினாள். "போங்க."

மச்சான் குனிந்து மணலைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. ஐஸ் தண்ணீரை மணல் குடித்துக்கொண்டிருந்தது. மீன் வாடைக்குக் காகம் இரண்டு வந்து கூரையில் உட்கார்ந்தன.

வாப்பா படியிறங்கி வந்தார். ராத்தாவின் கையையும் உடைந்த கண்ணாடியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகனுக்கு நேரே போய் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க மருமகன்" என்று சொல்லி வாயைத் திறந்தார். அகலமாக, ஒரு சின்னப் பிள்ளையைப்போல, கண்ணை மூடிக்கொண்டு.

மச்சான் கையிலிருந்த குச்சியை அதன் கடதாசிக்குள் திரும்பவும் சுற்றினார்.

"இனி வேணாம் மாமா. பக்கத்தில வெச்சுப் பார்க்க மத்தது இல்ல."

அவர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பஸ் றோட்டுக்குப் போய்விட்டார். வாப்பா கண்ணைத் திறக்கவில்லை. மருமகன் போனது தெரியாமலோ, தெரிந்தோ, அந்த வெயிலில் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.